கண்மாயைத் தோண்டுவதா, வரத்துக்காலைத் திருத்துவதா?

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்து மானாவாரிக் கண்மாய் ஒன்றுக்கு, ஒரு கோடையில் செலவழிக்கும் அளவுக்குப் பணம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத கண்மாய். தன் நீர்ப்பிடிப்பில் பெய்யும் மழையைத் தவிர அதற்கு வேறு வரத்து கிடையாது. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை மண் பிடித்துக்கொண்டது. ஊராட்சிக்கும் பாசனதாரர் சங்கத்துக்கும் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: உள்வாயை (கண்மாயின் உட்பரப்பு) தூர்வாரலாம், நீர்ப்பிடிப்பிலும், தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலிலும் மண்ணைத் தடுக்கலாம், கரையையும், மிகைநீர் வழியும் கலுங்கையும் உயர்த்தி இழந்த கொள்ளளவை மேலே தேடலாம், வண்டலை, பாசனத்துக்குத் திறக்கும் மடை வழியே கழிக்கலாம்.

பெரும்பாலான ஊர்கள் யோசிக்காமல் முதல் வழியைத் தேர்ந்தெடுக்கின்றன. எங்கள் கருத்தில், இன்றைய மழைக்கு அந்த வரிசை தவறு. கலுங்கைச் சரிசெய்த பிறகு முதல் பணம் வரத்துக்காலுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் போகவேண்டும். தூர்வாருவது அதற்கு அடுத்து, அதுவும் அளந்து பார்த்து, தேவையான இடத்தில் மட்டும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறோம்.

மழை மாறியதால் மண் எப்படி மாறுகிறது

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆண்டு மொத்த மழை பெரிதாகக் கூடாவிட்டாலும், பெய்கிற மழை கொட்டித் தீர்க்கும் மழையாக மாறுவதற்கு இதுதான் அடிப்படை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியையே அது தாண்டியது. அந்த ஒரு நிகழ்வு முழுவதையும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அப்படிப்பட்ட மழைக்கும் கண்மாய் தாங்கவேண்டும் என்று வைத்துத் திட்டமிடும் காலம் வந்துவிட்டது.

மண் அரிப்பைப் பொறுத்தவரை மழையின் அளவைவிட வேகம் முக்கியம். மழையின் அரிப்புத் திறனைக் கணிக்க, அந்த மழையின் மொத்த ஆற்றலை அதன் உச்சமான 30 நிமிட வேகத்தால் பெருக்குவார்கள். 50 மி.மீ. மழை இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பெய்தால் வேகம் மணிக்கு 25 மி.மீ. அதே 50 மி.மீ. நாற்பது நிமிடத்தில் கொட்டினால் மணிக்கு 75 மி.மீ. மழைமானியில் இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் இரண்டாவது மழையின் அரிப்புத் திறன் முதலாவதைப் போல் 3.7 மடங்கு. வேகம் மூன்று மடங்கு ஆகும்போது துளிகளும் பெருத்து விழுவதால் அரிப்பு அதற்கும் மேலே போகிறது.

இன்னொரு பக்கம் வறட்சி. இரண்டு மழைக்கு நடுவே இடைவெளி நீண்டால் புல் காய்கிறது, மேய்ச்சலில் தரை மொட்டையாகிறது, மேல்மண் பொடியாகிறது. வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருமழை, உழுது போட்ட புன்செயிலும் காய்ந்த மேய்ச்சல் தரையிலும்தான் விழுகிறது. பயிர் மூடிய பிறகு வரும் மழையைவிட, மூடுவதற்கு முன் வரும் அந்த ஒன்றிரண்டு மழைதான் ஆண்டு மண்ணில் பெரும்பங்கைக் கண்மாய்க்குக் கொண்டு சேர்க்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அக்டோபர் முதல் வாரத்துக்குள் அது களத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு மாதிரிக் கணக்கு

500 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு, 40 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். கொள்ளளவு 6 லட்சம் கன மீட்டர். இந்தியாவில் ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 16 டன்னுக்கு மேல் மண் அரிக்கப்படுகிறது என்பது 1983 முதல் எடுத்தாளப்படும் மதிப்பீடு. அதையே இங்கும் வைப்போம். அரிக்கப்பட்ட மண்ணில் 40 சதவீதம் கண்மாய் வாய் வரை வந்து சேர்கிறது, அதில் பத்தில் ஒன்பது பங்கு உள்ளே தங்குகிறது, ஒரு கன மீட்டர் வண்டல் 1.2 டன் என்று கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 2,400 கன மீட்டர் படிகிறது. டிராக்டர்காரர்கள் கணக்கில் சொன்னால் 850 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). உள்வாய் முழுக்கப் பரப்பினால் ஆண்டுக்கு 6 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டில் 30 செ.மீ. ஆகிவிடும், கொள்ளளவில் 20 சதவீதம் போயிருக்கும்.

இது சராசரி ஆண்டு. மேலே சொன்ன நாற்பது நிமிட மழை இரண்டு மூன்று விழும் ஆண்டில் இந்த அளவு பல மடங்காகும். அந்த மண் உள்வாயில் சீராகவும் பரவாது. வரத்துக்கால் வாயில் மணலும் சரளையும் விசிறிபோல் விரிந்து கிடக்கும். கரையை நெருங்க நெருங்கக் களியும் கரம்பையும் (வயலுக்கு உரமாகும் மென்வண்டல்) மிகும். இந்தப் பரவல்தான் பின்னால் ஒவ்வொரு முடிவையும் தீர்மானிக்கிறது.

முதல் வழி: தூர்வாருதல்

இதன் பலம் வெளிப்படை. ஒரே கோடையில் கொள்ளளவு திரும்புகிறது, எத்தனை கன மீட்டர் எடுத்தோம் என்று சொல்ல முடிகிறது, எடுத்த கரம்பை வயலுக்குப் போகிறது. 2017 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுக்க வழி இருக்கிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. 2024 முதல் இதற்கு வட்டாட்சியரே அனுமதி தருகிறார்.

பலவீனம் கணக்கில் இருக்கிறது. மாதிரிக் கண்மாயில் அந்த 30 செ.மீ. வண்டலை முழுவதும் எடுக்க 1,20,000 கன மீட்டர் வெட்டவேண்டும். 42,000 யூனிட்டுக்கு மேல். ஏக்கருக்கு 90 கன மீட்டர் வீதம் போட்டாலும் 1,300 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். இந்த அளவுக் கண்மாய்க்கு அவ்வளவு ஆயக்கட்டு (பாசன நிலம்) இருக்காது. ஆகவே மிச்ச மண் கரையோரத்தில் குவிக்கப்படுகிறது, அடுத்த மழையில் அதில் ஒரு பகுதி திரும்ப உள்ளே வருகிறது. அல்லது லாரி ஏறிச் செங்கல் சூளைக்கும் மனைக்கும் போகிறது. தூர்வாருவது என்ற பெயரில் மணலும் சரளையும் மட்டும் வெட்டப்படுவது இப்படித்தான் தொடங்குகிறது. விவசாயிக்கு வேண்டியது கரையோரக் கரம்பை. விலை கிடைப்பது வாய்ப்பக்க மணலுக்கு. அளவைக் குறிப்பில் எந்த இடம், எத்தனை ஆழம் என்று எழுதாத ஊரில் மணல்தான் போகும்.

தோண்டும்போது நடக்கும் மூன்று தவறுகள் கண்மாயையே கெடுத்துவிடும். ஒன்று, கரையின் அடியை ஒட்டித் தோண்டுவது. கரை உயரத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு தூரம் தள்ளியே வெட்டவேண்டும். 5 மீட்டர் கரைக்கு 25 மீட்டர். நெருங்கி வெட்டினால் கரைக்குக் கீழே நீர் கசியும் தூரம் குறைகிறது, பெருமழையில் கரையின் வெளிப்புற அடியில் ஊற்றுக் கிளம்பும். இரண்டாவது, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுவது. அங்கே தேங்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஆடுமாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் அது நல்லது, அதற்காகத் தெரிந்தே செய்யலாம். பாசனக் கொள்ளளவு கூடிவிட்டது என்று மட்டும் கணக்கில் எழுதக்கூடாது. மூன்றாவது, களி அடுக்கை அறுத்துச் சுக்கான் பாறை தெரியும்வரை போவது. பல பத்தாண்டுகளாகப் படிந்த களிதான் உள்வாயின் கசிவை அடைத்து வைத்திருக்கிறது. அதை உரித்த கண்மாயில் நவம்பரில் நிறைந்த தண்ணீர் தை அறுவடைக்கு முன்னே கீழிறங்கிவிடும்.

ஆனால் கணக்கை வேறொரு பக்கமாகத் திருப்பினால் தூர்வாருதலின் நல்ல முகம் தெரியும். ஆண்டுக்கு வரும் 2,400 கன மீட்டரை ஏக்கருக்கு 75 வீதம் பிரித்தால் 32 ஏக்கர். ஒவ்வொரு கோடையிலும் 32 ஏக்கர் நன்செய்க்குக் கரம்பை அடித்தாலே, வரும் மண்ணும் போகும் மண்ணும் சமன். ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்பது வயலில் சுமார் 18 மி.மீ. கனம். செம்மண்ணுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். போடுவதற்கு முன் உப்புநிலையும் கார அமிலநிலையும் மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. களர் தன்மையுள்ள வண்டலை நல்ல வயலில் போட்டால் திருத்துவது கடினம். பெரும் பொக்லைன் திருவிழா ஒன்றைவிட, ஆண்டுதோறும் சிறிய அளவில் நடக்கும் இந்தக் கரம்பை அடிப்பையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். மழை வேகம் கூடி மண் வரத்து இரட்டித்தால் 64 ஏக்கர் தேவைப்படும், அது பல ஊர்களுக்கு முடியாத காரியம். அந்த இடத்தில்தான் இரண்டாவது வழி கட்டாயமாகிறது.

இரண்டாவது வழி: மண்ணை அதன் இடத்திலேயே நிறுத்துதல்

கண்மாய்க்கு வரும் மண்ணைப் பாதியாகக் குறைத்தால் ஆண்டுக்கு 1,200 கன மீட்டர், அதாவது 424 யூனிட் தோண்டும் வேலை மிச்சம். அந்த மிச்சம் ஒவ்வோர் ஆண்டும் வரும். கொட்டும் மழை ஆண்டுகளில் இன்னும் பெரிதாக வரும். மேல்மண் மானாவாரி விவசாயியின் நிலத்திலேயே தங்கும்.

எங்கிருந்து மண் வருகிறது என்பதை முதலில் நடந்து பார்க்கவேண்டும். வாய்க்கால் வாயில் சரளையும் பருமணலும் குவிந்திருந்தால் ஓடை அரிப்பு. தண்ணீர் செம்பழுப்பாக வந்து மெல்லிய சேறாகப் படிந்தால் வயற்பரப்பு அரிப்பு. மருந்து இரண்டுக்கும் வேறு.

ஓடை அரிப்புக்கு உதிர்கல் தடுப்பு போதும். ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தவேண்டாம். இடைவெளிக்குக் கணக்கு எளிது: கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடிக்குச் சமமட்டத்தில் இருக்கவேண்டும். ஓடையின் சரிவு 3 சதவீதம், தடுப்பு 75 செ.மீ. என்றால் 25 மீட்டருக்கு ஒன்று. அடியில் 30 செ.மீ. குழி வெட்டிக் கல்லைப் பதிக்கவேண்டும், இரு முனைகளையும் ஓடைக் கரைக்குள் செருகவேண்டும், நடுப்பகுதியைப் பக்கங்களைவிட 30 செ.மீ. தாழ்வாக வைக்கவேண்டும். தண்ணீர் விழும் இடத்தில் கல் பாவவேண்டும். இவற்றில் அதிகம் தவறுவது நடுத் தாழ்வு. மேலே சமமாகக் கட்டிய தடுப்பில் தண்ணீர் ஓரத்தைத் தேடிப் போய்க் கரையை அரிக்கும். ஒரே பருவத்தில் ஓடை தடுப்பைச் சுற்றிக்கொண்டு புதுவழியே போய்விடும், முன்பைவிட அகலமாக.

வயற்பரப்பு அரிப்புக்கு வரப்பும் உழவும். சரிவுக்குக் குறுக்கே உழுவதற்குச் செலவே இல்லை. 2 சதவீதச் சரிவில் 40 மீட்டருக்கு ஒரு வரப்பு, 3 சதவீதச் சரிவில் 30 மீட்டருக்கு ஒன்று என்பது நெடுநாளாக வழக்கத்தில் உள்ள அளவு. செம்மண்ணில் சமமட்ட வரப்பு நன்றாக நிற்கும். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் அதே வரப்பு கோடையில் வெடித்து, முதல் மழையில் அந்த வெடிப்பு வழியே உடையும். கரிசலுக்குச் சிறிய சாய்வோடு நீரை ஓரத்துக்கு நடத்தும் வரப்பும், கடைசியில் கல்பாவிய வடிகாலும் வேண்டும். வடிகால் விடாத வரப்பு எந்த மண்ணிலும் கொட்டும் மழைக்கு உடையும். ஒரு வரப்பு உடைந்தால் அந்த வெள்ளம் கீழேயுள்ள வரப்புகளையும் வரிசையாக உடைக்கும்.

வெட்டிவேரை வரத்துக்கால் இருபுறமும், உள்வாயின் நுழைவிலும் இரட்டை வரிசையாக நடலாம். நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ. வேலிபோல் இடைவெளியின்றி மூட இரண்டு பருவம் ஆகும். முதல் ஆண்டில் பட்டுப்போன இடங்களை நிரப்பாவிட்டால், தண்ணீர் அந்த இடைவெளியில் குவிந்து ஓடி, வேலி இல்லாததைவிட மோசமாக அரிக்கும்.

வண்டல் பிடிக்கும் குழியைப் பற்றிப் பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் 0.1 மி.மீ. மணல் அடியில் படிய ஏறக்குறைய மூன்று நிமிடம் போதும். 0.01 மி.மீ. வண்டலுக்கு ஐந்து மணி நேரம். 0.002 மி.மீ. களிக்கு, அசையாத தண்ணீரிலும் ஐந்து நாள் வரை. வெள்ளம் குழியைக் கடக்கும் நேரமே சில நிமிடங்கள். ஆகவே குழி மணலை மட்டும் பிடிக்கும். அதுவும் பெரிய உதவிதான், ஏனென்றால் வரத்துக்கால் வாயை அடைப்பது மணல். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என 75 கன மீட்டர்க் குழியை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வாரவேண்டும். நிறைந்த குழியை அடுத்த வெள்ளம் அப்படியே அள்ளிக் கண்மாயில் போடும். வாருவதற்கு ஆளையும் பணத்தையும் ஒதுக்காத ஊர் குழி வெட்டாமலிருப்பதே மேல்.

இந்த வழியின் உண்மையான தடை நிலம். நீர்ப்பிடிப்பு பெரும்பாலும் பட்டா நிலம், பல நூறு பேருடையது, பலர் வேறு ஊர்க்காரர்கள். கண்மாயின் பலன் கீழேயுள்ள ஆயக்கட்டுக்கு, வேலையும் இடஇழப்பும் மேலேயுள்ள மானாவாரிக்காரருக்கு. இதைப் பேசித் தீர்க்காமல் ஒரு வரப்பும் நிலைக்காது. முதல் இரண்டு ஆண்டுக் கரம்பையில் ஒரு பங்கை மேற்புறத்து நிலக்காரர்களுக்கே கொடுப்பது நியாயமும், நடைமுறையில் பலன் தருவதும் ஆகும். பலனும் மெதுவாகத்தான் வரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்பே உள்வாயில் தெரியும்.

சீமைக்கருவேலம் மண்டிய வரத்துக்காலைச் சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. புரட்டாசியில் எந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினால், ஐப்பசி மழைக்கு இளகிய மண்ணைத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகும். மழைக்காலம் முடிந்து தையில் பிடுங்கி, மாடுகளை மறித்துப் புல் மூட விடவேண்டும்.

மூன்றாவது வழி: கலுங்கை உயர்த்துதல்

தோண்டுவதைவிட மலிவு. 40 ஹெக்டேர்க் கண்மாயில் 30 செ.மீ. உயர்த்தினாலே இழந்த 1,20,000 கன மீட்டர் திரும்புகிறது. அதனால்தான் இது ஆசை காட்டுகிறது. அனுமதியில்லாமல் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவதும் இதே ஆசையில்தான்.

இதை நாங்கள் ஏற்கவில்லை. 30 மீட்டர் நீளக் கலுங்கின் மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் போனால் நொடிக்குச் சுமார் 24 கன மீட்டர் வெளியேறும். கரையை உயர்த்தாமல் 30 செ.மீ. மூட்டை அடுக்கினால், அதே நீர்மட்டத்தில் வெளியேறுவது 8 கன மீட்டர்தான். மாதிரிக் கண்மாயின் 500 ஹெக்டேரில் மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை பெய்து பாதி ஓடிவந்தால், உச்ச வரத்து நொடிக்கு 40 கன மீட்டரைத் தாண்டும். உள்வாயின் பரப்பு அதில் கொஞ்சத்தைத் தாங்கும். மிச்சம் கரையின் மேலேறும். மண் கரையில் தண்ணீர் வழிந்தால் அது நிற்காது. ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த கண்மாய்ச் சங்கிலித் தொடரில் மேல் கண்மாய் உடைந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீரோடு கரை மண்ணும் வந்து சேரும்.

முறையாகக் கரையை அகலப்படுத்தி, கலுங்கையும் நீட்டி, உயர்த்தலாம். அப்போது மேற்புறத்துப் பட்டா நிலம் நீரில் மூழ்கும், இழப்பீடு வேண்டும். செலவும் மலிவாக இருக்காது. இந்தத் தலைப்பில் உடனே செய்யவேண்டியது ஒன்றே: இருக்கும் கலுங்கின் முன்னால் படிந்த மண்ணையும் செடியையும் அகற்றி, போக்குக்காலைத் திறந்து, முழு நீளமும் தண்ணீர் போக வழிசெய்வது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலை முதலில்.

நான்காவது வழி: மடை வழியே கழித்தல்

பழைய குமிழித் தூம்புகளில் (உள்வாய்க்குள் நிற்கும் பழைய வகை மடை) நீரோடித் துளைக்குக் கீழே சேறோடித் துளை வைத்தார்கள். தூம்பைத் திறந்தால் சுற்றியுள்ள சேறும் தண்ணீரோடு வெளியேறும். அருமையான ஏற்பாடு, ஆனால் அது தூம்பைச் சுற்றிய சேற்றைத்தான் இழுக்கும். 40 ஹெக்டேர் உள்வாயை அல்ல. இன்னும் சேறோடி உள்ள தூம்பு இருந்தால் அடைக்காமல் காப்பாற்றுங்கள். திட்டமாக இதை எண்ணவேண்டாம்.

எந்த ஊருக்கு எந்த வரிசை

முடிவுக்கு முன் அளவை. மாசி, பங்குனியில் உள்வாய் காய்ந்ததும் 50 மீட்டர் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு முனையிலும் துளைக்கருவியாலோ குழி வெட்டியோ பழைய அடித்தரை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். நிறமும் இறுக்கமும் மாறும் இடம் அதுதான். மட்டக்கருவியால் மடை அடிமட்டத்தையும் கலுங்கு உச்சியையும் ஒப்பிட்டுக் குறிக்கவேண்டும்.

வண்டல் மடையின் வாயையே மூடியிருந்தால் தூர்வாருவது முதலில்; மடையைச் சுற்றியும், அங்கிருந்து உள்வாயின் ஆழப்பகுதி வரையிலும். கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தாலும் அப்படியே; அதையும் இரண்டு மூன்று கோடைகளாகப் பிரித்து, ஆயக்கட்டு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு. மற்ற எல்லாக் கண்மாய்களிலும் எங்கள் பங்கீடு: பத்து ரூபாயில் இரண்டு கலுங்குக்கும் கரைக்கும், நான்கு ஓடைத் தடுப்புக்கும் வரப்புக்கும் வரத்துக்காலுக்கும், மூன்று அளந்த தூர்வாரலுக்கு, ஒன்று அடுத்த இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்கு. கடைசி ஒரு ரூபாயைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். அது இல்லாவிட்டால் மற்ற ஒன்பதும் மூன்றாவது மழையில் கரையும். தொடரில் உள்ள கண்மாய்களில் மேலேயுள்ளதிலிருந்து தொடங்கவேண்டும், ஏனென்றால் அதுவே கீழுள்ளவற்றுக்கு வண்டல் குழி.

உள்வாயில் வாய்ப்பக்கம் ஐந்து, நடுவில் ஐந்து, மடையருகே ஐந்து என்று அளவுக்கற்களை ஊன்றி, ஒவ்வொரு தையிலும் எவ்வளவு மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். மூன்று ஆண்டு ஓடைத் தடுப்புக்குப் பிறகும் வாய்ப்பக்கக் கற்கள் முன்போலவே மூடினால், ஓடை தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது என்று பொருள். நடந்து பார்த்து முனைகளைச் செருகவேண்டும். வாய்ப்பக்கம் குறைந்து மடையருகே மட்டும் மூடிக்கொண்டே இருந்தால், வருவது வயல்களின் களி. அப்போது கல் வேலையை நிறுத்திவிட்டு மிச்சப் பணத்தை வரப்புக்கும் குறுக்கு உழவுக்கும் மாற்றுங்கள்.